ஒரு சாண் உயரம்

நாகோயா
நவம்பர் 24

ஆர்லின் பல்மாரெஸ் அவர்களுக்கு,

நான் ஹிமியில் இருந்த துருமி ஹத்சுயோவின் மகள். பெயர் சனாயே. நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். ஆகஸ்டில் அம்மாவின் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்கள் கடலுக்கு அப்பாலிருந்து இயக்கும் இயந்திரம் எனக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தது. நான் உங்களைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 9 மாலை, இயந்திரத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காரப்போன அம்மா தரையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்டோபர் 20 அன்று நிமோனியாவில் இறந்தார். இது உங்களுக்குச் சொல்லப்பட்டதா என்று தெரியாது. சொல்லப்படாமல் இருந்தால், இப்படித் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

உங்கள் நிறுவனம் எனக்கு அனுப்பிய அறிக்கை ஒரு பக்கம். அதில் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "பயனாளர் முழுமையாக அமர்வதற்கு முன் இயக்குபவர் பிடியை விட்டுவிட்டார்." அதோடு ஒரு படிவமும் வந்திருக்கிறது. நான் இந்தக் காரணத்தை ஏற்கிறேன் என்று பிப்ரவரி 15க்குள் கையெழுத்திட்டால் விவகாரம் முடிந்துவிடும். கையெழுத்திடாவிட்டால் வெளியாட்களை வைத்து விசாரணை நடக்கும். கையெழுத்திட்டால் உங்கள் வேலை போகும் என்று தொலைபேசியில் பேசியவர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார் போலும்.

இயக்குபவரோடு பேச முடியுமா என்று கேட்டேன். முடியாது, ஒப்பந்தப்படி தொடர்பு கூடாது என்றார்கள். உங்கள் முகவரி எனக்கு நிறுவனத்திடமிருந்து கிடைக்கவில்லை. அம்மாவின் மேசை இழுப்பறையில், போன ஆண்டு நீங்கள் அனுப்பிய புத்தாண்டு அட்டை இருந்தது. உங்கள் விதிகளை மீறி அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒரே வரியில் எழுதப்பட்ட காரணங்களை மாணவர்களிடமிருந்துகூட நான் ஏற்பதில்லை. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஏன் விட்டீர்கள்?

மன்னிப்பு வேண்டாம். பதில் போதும்.

துருமி சனாயே


ஹாரோ, இலோய்லோ
டிசம்பர் 14

மதிப்பிற்குரிய துருமி சனாயே-சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று முன்தினம்தான் வந்தது. பதினெட்டு நாள். நீங்கள் பதிலுக்காகக் காத்திருப்பீர்கள் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

ஹத்சுயோ-சான் இறந்துவிட்டது எனக்குத் தெரியாது. செப்டம்பர் 9க்குப் பிறகு என்னை அந்த இணைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் தேறி வருகிறார் என்று அக்டோபரில் மேலாளர் சொன்னார். நம்பினேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன். போன ஞாயிறும் ஏற்றினேன், சீக்கிரம் நடக்க வேண்டும் என்று. அப்போது அவர் இறந்து ஏழு வாரம் ஆகியிருக்கிறது.

நீங்கள் மன்னிப்பு வேண்டாம் என்றீர்கள். எனக்கு வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் நாட்டில், தொயாமாவில் நான்கு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே தினமும் தேவைப்பட்ட சொற்கள் அவைதான்.

கேள்விக்குப் பதில்: நான்தான் விட்டேன். என் விரல்தான். அவர் உட்கார்ந்து முடிப்பதற்கு முன்பே விட்டேன். எப்போதும் விடும் உயரத்தில்தான் விட்டேன், ஆனாலும் அது என் தவறு. அறிக்கையில் இருப்பது உண்மை. தயவுசெய்து கையெழுத்திடுங்கள். விசாரணை என்றால் உங்களுக்கும் வேதனைதான்.

நாளை மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை இங்கே விடியலில் பூசை. கோயில் வாசலில் பிபிங்கா அப்பம் சுடுவார்கள். அந்த வாசனையைப் பற்றி ஒருமுறை ஹத்சுயோ-சானிடம் சொன்னேன். "தேங்காயும் அரிசி மாவுமா? அதுல என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்? நாங்க ஸ்கூல் சமையல்ல ஐந்நூறு பேருக்குப் பண்ணுவோம்" என்றார். பிறகு செய்முறை கேட்டார்.

இதையெல்லாம் எழுதக்கூடாதோ என்னவோ. மன்னியுங்கள்.

ஆர்லின் பல்மாரெஸ்


நாகோயா
ஜனவரி 4

ஆர்லின்-சான்,

துக்க வீட்டுக்குப் புத்தாண்டு அட்டைகள் வருவதில்லை. அதனால் இந்த ஆண்டு தபால் பெட்டியில் உங்கள் கடிதம் மட்டும் இருந்தது. அம்மாவின் சாம்பலை டிசம்பர் 7 அன்று அப்பாவின் கல்லறையில் வைத்தோம். ஹிமியில் அன்று பனி. நானும், கோயில் குருவும், பக்கத்து வீட்டுக்காரரும் மட்டும்தான்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒரு வரியில் நிற்கிறேன். "எப்போதும் விடும் உயரத்தில்தான் விட்டேன்."

என்ன உயரம்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவரை விடுவதற்கு உயரம் எதற்கு? எப்போதும் உட்காருவதற்கு முன்பே விடுவீர்கள் என்றால் அம்மா எப்போதும் விழுந்திருக்க வேண்டும். ஒரு வருடம் எட்டு மாதம், நாளைக்கு மூன்று முறை. ஒருமுறைகூட விழவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முழுதும் சொல்லவில்லை.

நானும் ஒன்று சொல்கிறேன். போன ஆண்டு வசந்தகாலத்திலிருந்து அம்மா தொலைபேசியில் வேறு மாதிரி பேச ஆரம்பித்தார். நான் ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. ஒரு இடைவெளி. "அம்மா, கேக்குதா?" என்பேன். "கேக்குது கேக்குது. நீ பேசி முடிச்சிட்டியான்னு பாத்தேன்" என்பார். அடுத்த கேள்விக்கும் அதே இடைவெளி. எண்பத்து மூன்று வயது. நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் விடுப்பு எடுத்து அவரை ஞாபகமறதி மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கடிகாரம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். அம்மா என்னைவிட வேகமாகக் கழித்தார். மருத்துவர் சிரித்தார். "உங்க அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் பொறுமை கொஞ்சம் கம்மி."

ஆகஸ்டில் முன்னோரை வணங்கும் விழா நாட்களுக்கு அம்மாவிடம் போனபோதுதான் புரிந்தது. நான் சமையலறையில் இருந்தேன். அம்மா உங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஆர்லின்-சான், அங்க மழையா?" கேட்டுவிட்டு ஒரு வாய் தேநீர்.

"மழையேதான். எங்க தெருவுல வாத்து நீந்துது."

இன்னொரு வாய். "அப்ப புடிச்சுக் குழம்பு வையுங்க."

"பக்கத்து வீட்டு வாத்துங்க. சண்டைக்கு வருவாங்க."

"குழம்புல பாதி குடுத்துட்டா வரமாட்டாங்க."

ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் அம்மா சாவகாசமாகக் காத்திருந்தார். அதே இடைவெளி. உங்கள் குரல் கடலைத் தாண்டி வர எடுத்துக்கொள்ளும் நேரம். அதை அவர் பழகிக்கொண்டுவிட்டார். பிறகு என்னோடும் அப்படியே பேசினார்.

"என்னம்மா இது, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு தூக்கம் போட்டு எழுந்துக்கறீங்க?" என்று அன்று கேட்டேன்.

"நீதான் தபதபன்னு வர்ற. நான் வாய மூடறதுக்குள்ள பதில் சொல்லிடற."

எனக்கு அது பிடிக்கவில்லை. பணம் வாங்கும் ஒரு சேவைக்காக என் அம்மா வரிசையில் நிற்பவரைப் போலக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது எனக்கு அவமானமாக இருந்தது. ஆகஸ்ட் 20 அன்று உங்கள் நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். மூன்று பக்கம், அளவுகளோடு. கைக்கடிகாரத்தை வைத்து அளந்திருந்தேன்: இருபது பேச்சுகள், சராசரி ஒரு விநாடிக்குச் சற்று மேல். இந்தத் தாமதம் ஒரு முதியவரின் பேச்சையே மாற்றியிருக்கிறது, உடனே சரி செய்யுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன் என்று எழுதினேன். ஆவன செய்கிறோம் என்று பதில் வந்தது.

இதை எழுதக் காரணம், நான் அம்மாவைப் பற்றிக் கவலைப்படாத மகள் அல்ல என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என்று நினைக்கிறேன். மாதம் ஒருமுறை போனேன். நாகோயாவிலிருந்து மூன்று மணி நேரம். நீங்கள் தினம் மூன்று முறை போனீர்கள்.

உயரத்தைப் பற்றி எழுதுங்கள்.

துருமி சனாயே


ஹாரோ, இலோய்லோ
ஜனவரி 24

சனாயே-சான்,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். வெளியே தினாக்யாங் திருவிழாவுக்கு மேளம் அடிக்கிறார்கள். என் கணவர் ரோயெல் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் அதே காகிதமா? வக்கீலுக்குக்கூட யாரும் இவ்வளவு யோசிச்சு எழுத மாட்டாங்க" என்கிறார்.

உயரத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் நீங்கள் விட மாட்டீர்கள்.

நாங்கள் இங்கே ஓர் அறையில் கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஹிமியில் இருக்கும் இயந்திரம் பார்ப்பது அதில் எனக்குத் தெரியும். நான் கையை அசைத்தால் அதன் கை அசையும். ஆனால் அது பார்த்தது எனக்கு வந்துசேர அரை விநாடி. நான் செய்வது அங்கே போய்ச்சேர இன்னொரு அரை விநாடி. நீங்கள் அளந்தது சரிதான்.

முதல் வாரம் சட்டப்படி செய்தேன். "பயனாளர் அமர்ந்தது உறுதியான பின் பிடியை விடவும்" என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. ஹத்சுயோ-சான் என் கைகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு விடுவேன். ஆனால் நான் பார்க்கும்போது அவர் உட்கார்ந்து அரை விநாடி ஆகியிருக்கும். என் விடுதல் அங்கே போவதற்குள் இன்னும் அரை விநாடி. அந்த ஒரு விநாடியும் இயந்திரத்தின் கை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அவர் முழங்கையை அழுத்திக்கொண்டு. இரண்டாம் நாளே நீலம் பாரித்துவிட்டது. "பரவால்ல, இந்த வயசுல தொட்டாலே நீலமாகும்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் குழுவில் மூத்தவர் நாந்தோ அண்ணன். முன்பு பாரந்தூக்கி ஓட்டியவர். என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "ஏம்மா, நேத்து நடந்ததப் பாத்துக்கிட்டு இன்னிக்கு வேலை செய்யறியா?"

"படத்துல உக்காரலயே அண்ணே."

"படம் பழசு. அங்க அவங்க உக்காந்து டீயே குடிச்சிருப்பாங்க. படத்தப் பாக்காத, அதுக்கு அடுத்ததப் பாரு."

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். படத்தில் அவர் நாற்காலிக்கு ஒரு சாண் மேலே இருக்கும்போது விட்டுவிட வேண்டும். அந்தக் கட்டளை அங்கே போய்ச்சேரும்போது அவர் சரியாக உட்கார்ந்திருப்பார். எங்கள் அறையில் பதினான்கு பேரும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு, வீட்டைப் பொறுத்து, ஆளைப் பொறுத்து. மேலாளர்களுக்கும் தெரியும். கையேட்டை யாரும் மாற்றவில்லை. ஒரு மாதத்தில் எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஒரு சாண் என்றால் விரல் தானாக விடும்.

அன்றும் ஒரு சாணில் விட்டேன். ஆனால் அன்று எனக்குக் களைப்பு. முந்தின இரவு மகளுக்குக் காய்ச்சல், தூங்கவில்லை. கணக்குத் தவறிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்கு முழுதும் தெரியும். கையெழுத்திட்டுவிடுங்கள், சனாயே-சான். பிப்ரவரி 15க்கு அதிக நாள் இல்லை. இன்னொன்று. ஆகஸ்டில் நீங்கள் எழுதிய புகாரைப் பற்றி இனி யாரிடமும் பேச வேண்டாம். வழக்குப் பேச்சில் எதை எப்படித் திருப்புவார்கள் என்று சொல்ல முடியாது. இது என் வேண்டுகோள்.

ஆர்லின்


நாகோயா
பிப்ரவரி 9

ஆர்லின்-சான்,

உங்கள் மகளுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அது காரணம் இல்லை என்று மட்டும் தெரியும்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு உறுத்தியது. புகாரைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்? அது உங்கள் நிறுவனத்துக்கு எதிரானது, உங்களுக்கு எதிரானது அல்ல. யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

மறுநாள் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தேன். என் புகாரின் பேரில் என்ன ஆவன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் மிகவும் மகிழ்ச்சியாகச் சொன்னாள்: "உங்க அம்மா வீட்டுக்குத் தனியா புது இணைப்பு போட்டோம், மேடம். தாமதம் ஏறக்குறைய இல்லாமலே ஆயிடுச்சு."

"எந்தத் தேதி?"

தேடிப் பார்த்தாள். பிறகு அவள் குரல் மாறியது.

செப்டம்பர் 9, நண்பகல்.

"இயக்குபவரிடம் சொன்னீங்களா?"

"வேகமானதுக்கு எதுக்கு மேடம் சொல்லணும்?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பாலத்தில் விரிசல் விட்டால் பலகை வைப்பார்கள். பாலத்தைச் செப்பனிட்டால் யார் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள்?

மாணவர்களின் விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு வரிக் கணக்கு. தாமதம் ஒரு விநாடி, அம்மா இறங்கும் வேகம் விநாடிக்கு ஒரு சாண். நீங்கள் ஒரு சாண் முன்னால் விட்டால் மீதி பூஜ்யம். தாமதத்தை எடுத்துவிடுங்கள். மீதி ஒரு சாண். அந்த ஒரு சாண் உயரத்தில்தான் என் அம்மா கையில் பிடிப்பு எதுவும் இல்லாமல் நின்றார். அதை அங்கே வைத்தது நான். மூன்று பக்கம், அளவுகளோடு.

என் ஜனவரி கடிதத்தைப் படித்த அன்றே உங்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு முன்பே. அதனால்தான் இரண்டு கடிதங்களைக் கிழித்தீர்கள்.

படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. காரணம் என்று அவர்கள் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: "பிடியை விட்ட கை, இந்த நிறுவனத்தின் தாமதத்தால் பழக்கப்படுத்தப்பட்டது. அந்தத் தாமதம் என் கோரிக்கையின் பேரில், இயக்குபவருக்குத் தெரிவிக்காமல் நீக்கப்பட்டது. விசாரணை வேண்டும். முதல் சாட்சியாக நான் வருகிறேன்." இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் வேலை போகாது. போகக்கூடாது. நீங்கள் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அம்மா இரண்டு மூன்று முறை கேட்டார்: "ஆர்லின்-சான் வேலைக்குப் போறாங்களா?" எனக்கு உங்கள் மேல் அப்போது கோபம். "போறாங்க" என்றேன், பேச்சை முடிக்க. "அப்ப சரி" என்றார்.

அவர் என்னோடு பேசும்போது காத்திருந்தார், அங்கேயும். நான் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளிக்குள் புகுந்து பேசினேன். அந்த இடைவெளியை ஒருமுறையாவது அப்படியே விட்டிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

ஒலிப்பதிவு கிடையாது என்கிறார்கள். விழுந்தபோது அம்மா என்ன சொன்னார்? நீங்கள் மட்டும்தான் அங்கே இருந்தீர்கள். இருந்தீர்கள் என்று சொல்லலாம் என்றால்.

சனாயே


ஹாரோ, இலோய்லோ
பிப்ரவரி 28

சனாயே-சான்,

உங்கள் கடிதம் 26ஆம் தேதி வந்தது. நான் 12ஆம் தேதியே கையெழுத்திட்டுவிட்டேன்.

என்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கம், தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். கையேட்டை மீறினேன், களைப்பாக இருந்தேன், தவறு முழுதும் என்னுடையது. களைப்பு என்பதை நானே சேர்க்கச் சொன்னேன். குடும்பம் கையெழுத்திட்டதா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை என்றார்கள். விசாரணை வந்தால் அவர்கள் முதலில் பிரிக்கப்போவது உங்கள் மூன்று பக்கத்தைத்தான் என்று எனக்குப் பட்டது. வாக்குமூலம் இருந்தால் விசாரணை தேவைப்படாது. அதனால் போட்டேன். நீங்கள் எழுதியது அப்போது எந்தத் தபால் பையில் இருந்ததோ.

இப்போது அவர்களிடம் இரண்டு காகிதம் இருக்கிறது, உங்களுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. எது அவர்களுக்குப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாந்தோ அண்ணன் வந்திருந்தார். "நீ பெரிய தியாகின்னு நெனப்பா? நாளைக்கு எங்க பதினாலு பேர்ல யாருக்காவது இதே நடந்தா, உன் காகிதத்த எடுத்துக் காட்டுவாங்க. இவளே ஒத்துக்கிட்டாளேம்பாங்க" என்றார். திட்டிவிட்டு, கொண்டுவந்த மீனை ரோயெலிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. அதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் கேட்ட விசாரணை நடந்தால் நான் அந்தக் காகிதத்தை மறுத்துப் பேசுவேன். நடக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் அந்தக் காகிதம் முழுப் பொய் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை இணைப்புக்குள் போனதுமே கோப்பையை எடுத்தேன். கை என் கணக்கைவிட முன்னால் போய்க் கோப்பையில் இடித்தது. தேநீர் சிந்தியது. "அடேயப்பா, இன்னிக்கு என்ன ஒரே சுறுசுறுப்பு?" என்று ஹத்சுயோ-சான் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டு முடித்த உடனே அவர் சிரிப்பு கேட்டது. ஏதோ மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தியிருக்கலாம். கேட்டிருக்கலாம். இருபது நிமிடம் இருந்தது. அவர் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கிட்டத்தில் இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் கேட்கவில்லை. உங்கள் மூன்று பக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறேன். தட்டைக் கொடுக்கும்போது ஆள் பிடிப்பதற்கு முன்பே விட்டுவிடுகிறேன். அக்கா பிளாஸ்டிக் தட்டு வாங்கிவிட்டார்.

நீங்கள் கேட்டது.

ஒரு சாணில் விட்டேன். விட்ட அதே கணத்தில் அவர் கீழே போனார். அந்த வீட்டில் நான் அதுவரை எதையும் அது நடக்கும்போதே பார்த்ததில்லை. நாற்காலியின் விளிம்பு நகர்ந்த சத்தம். அவர் கத்தவில்லை. "அட" என்றார், படியில் கால் தவறியவர் போல. பக்கவாட்டில் கிடந்தார். என் கைகள் மேலே, காலியாக, விரிந்திருந்தன. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். என் முகம் அங்கே இல்லையே, அவற்றைத்தான் பார்க்க முடியும்.

"ஹத்சுயோ-சான்! ஹத்சுயோ-சான்!" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு நிறுத்தினேன். அங்கே போய்ச்சேரட்டும் என்று. ஒன்றரை வருடமாக அப்படித்தானே.

அவர் வலியில் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சொன்னார்: "அவசரமில்ல. கை இப்ப வந்துடும். நான் இருக்கேன்."

சொல்லிவிட்டு அவரும் காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் கடல் எதுவும் இல்லை, சனாயே-சான். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் காத்துக்கொண்டிருந்தோம்.

ஆர்லின்